உதவித்தொகை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகைப் பணம்: எண்ணூர் சேற்றையும் மீஞ்சூர் கிணற்றையும் ஆராய மாணவருக்கு நிதி எங்கிருந்து வரும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழைநீரோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. படகும் வலையும் கறுத்த படங்களை எல்லோரும் பார்த்தோம். இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் வண்ணாரப்பேட்டையிலிருந்து பொன்னேரி வரை அறிவியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி எழுகிறது: இந்தத் தண்ணீரையும் சேற்றையும் நாமே எடுத்து ஆராயலாமா, ஆகும் செலவை யார் ஏற்பார்கள்?

ஆராயலாம், பணமும் உண்டு. ஆனால் "உதவித்தொகை கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் பெரும்பாலும் தவறான வாசலில்தான் போய் நிற்க நேரும். ஸ்காலர்ஷிப், ஃபெலோஷிப், கிராண்ட், ஸ்டைபண்டு ஆகிய நான்கையும் தமிழில் உதவித்தொகை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். யார் தருகிறார்கள், யார் கணக்கில் வரவாகிறது, பில் கேட்பார்களா என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் வேறு.

புவியியலா, நிலவியலா?

சொல்லால் வரும் குழப்பம் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரஃபி. பாறை, மண், வண்டல், நிலத்தடி நீர் இவற்றைப் பற்றிய ஜியாலஜிக்கு நிலவியல் அல்லது புவியமைப்பியல் என்று பெயர். நிலத்தை மனிதர் என்ன செய்கிறார்கள், பதிலுக்கு நிலம் மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்கும் கிளைதான் சுற்றுச்சூழல் நிலவியல்.

வடசென்னையில் அதற்குப் பாடப்பொருள் தேடி அலைய வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணற்றுப் புலங்களிலிருந்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் பல பத்தாண்டுகள் நீர் இறைத்ததில் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே ஏறிவிட்டது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக் கசிவு மண்ணுக்குள் இறங்குகிறது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர் தடுத்ததால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர் உப்பங்கழியில் படிந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடங்கள்தான் எதிர்த்திசையில் இருக்கின்றன. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் பள்ளிக்கரணையில். சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் துறை கிண்டியில். அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும் அதே பக்கம். பிரச்சினை வடக்கே, கருவி தெற்கே. இந்தத் தூரம் பட்ஜெட்டையும் பாதிக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.

படிப்பின் பெயர் பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவருக்கு நேரடியாக வரும். மீதி 20,000 கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் தன் வாரியத்தின் முதல் 1 சதவீதத்தில் இருந்து, அடிப்படை அறிவியலில் பட்டப்படிப்பு சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தகுதியான பாடப் பட்டியலில் நிலவியல், புவி இயற்பியல், புவி வேதியியல், வளிமண்டல அறிவியல், கடல் அறிவியல் எல்லாம் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரில் பாடம் இல்லை. பி.இ. போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இடமில்லை. கல்லூரி சேரும் முன்பே பார்க்க வேண்டிய பட்டியலைச் சேர்ந்தபின் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

மூன்று வகைப் பணம்

1. ஆளுக்கு வரும் பணம். படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்கு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் உதவித்தொகைகள், மேலே சொன்ன இன்ஸ்பயர் எல்லாம் இந்த வகை. எம்.டெக். சேர எழுதும் தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் நிலவியல்-புவி இயற்பியல் தாளும் உண்டு, 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல்-பொறியியல் தாளும் உண்டு. தேறிச் சேர்ந்தால் மாதம் 12,400. முனைவர் பட்டத்துக்கு வந்தால் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை: முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அதன்பின் 42,000, இவற்றோடு வீட்டு வாடகைப் படி. 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை இது. நிலவியல் படித்தவர்கள் இதற்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாளை எழுத வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களுக்கு யுஜிசி நெட்டில் தனித் தாள் இருக்கிறது. இரண்டு தேர்வுகளுக்கும் பாடத்திட்டம் வேறு, கேள்வியின் போக்கும் வேறு.

2. வேலைக்கு வரும் பணம். பாட்டில், ரசாயனம், பயணம், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றுக்கு. இது மாணவர் கைக்கு வராது. வழிகாட்டியின் பெயரில் கல்லூரிக் கணக்குக்கு வரும். பில்லும், முடிவில் பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். மாணவர் நிலையில் இங்கே எட்டக்கூடியது தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்டம். இறுதியாண்டு மாணவர்கள் வழிகாட்டியோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், கல்லூரித் தலைமை வழியாகத்தான் போகும். அண்மை ஆண்டுகளில் ஒரு திட்டத்துக்குத் தந்திருப்பது 7,500 ரூபாய். பெரிய தொகைகள் பேராசிரியர்களுக்கானவை. முன்பு செர்ப் என்ற பெயரில் ஆய்வுகளுக்கு நிதி தந்த மத்திய அரசு வாரியத்தின் இடத்துக்கு 2023 சட்டத்தின்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் அப்படித்தான். அறக்கட்டளைக்குக் கோடிக்கணக்கில் நிதி என்ற செய்தியைப் படித்துவிட்டு பி.எஸ்சி. மாணவர் அதன் இணையதளத்தில் தேடுவது வீண். அந்த நிதி பெற்ற பேராசிரியரைத் தேடிப்போனால் பலன் உண்டு. அவருடைய திட்டத்தில் மாணவருக்கு ஒரு மூலை கிடைக்கலாம்.

3. இடம் பெயர்ந்து பயில வரும் பணம். இரண்டு மூன்று மாதம் வேறொரு ஆய்வுக்கூடத்தில் வேலை பழக. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் புவி அறிவியலும் ஒரு பிரிவு. சென்னை ஐஐடிக்கும் தனிக் கோடைத் திட்டம் இருக்கிறது. வெளிநாடு என்றால் ஜெர்மனிக்கு டாட் வைஸ், கனடாவுக்கு மைட்டாக்ஸ் குளோபலிங்க். பின்னது 12 வாரம்.

என் கணக்கில், வடசென்னை மாணவர் ஒருவருக்கு மிகப் பயன்படுவது இந்த மூன்றாவது வகை. மிகக் குறைவாக விண்ணப்பம் போவதும் இதற்குத்தான். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. கல்லூரியில் இல்லாத கருவி முன்னால் உட்கார வைக்கிறார்கள், கேட்டால் பரிந்துரைக் கடிதம் எழுதித்தர ஓர் ஆய்வாளர் அறிமுகமாகிறார்.

7,500 ரூபாயில் என்ன ஆகும்?

"வடசென்னையில் நிலத்தடி நீர் மாசு" என்று தலைப்பு எழுதினால் 7,500 ரூபாய் போதாது. 75 லட்சமும் போதாது. கேள்வியை நறுக்க வேண்டும். "காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து மீஞ்சூர் வழியாகப் பஞ்செட்டி நோக்கிப் போகும் கோட்டில் 20 கிணறுகள்; மழைக்கு முன்னும் பின்னும் அவற்றின் உப்பு எப்படி மாறுகிறது?" என்று வைத்துக்கொள்வோம். இப்போது விலை போட முடியும்.

ஈயம் போன்ற கன உலோகம் பார்ப்பது முதல் வழி. 20 கிணறு, இரண்டு பருவம், 40 மாதிரி. உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் மாதிரிக்கு 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 60,000. வெளி ஆய்வுக்கூடக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இன்னொரு 10,800. மொத்தம் 70,800. கையில் இருக்கும் 7,500-க்கு வரியோடு நான்கு மாதிரிதான் பார்க்க முடியும், 7,080 ரூபாய். ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் பட்ஜெட் எழுதி, பில் வந்தபின் கைக்காசு போடுவது சாதாரணமாக நடக்கும் தப்பு.

குளோரைடு பார்ப்பது இரண்டாவது வழி. இதற்கு வெளி ஆய்வுக்கூடமே வேண்டாம். எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் உள்ள பியூரெட் போதும். பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாக வைத்து சில்வர் நைட்ரேட்டால் டைட்ரேஷன், அதாவது சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவு காண்பது. 0.0141 நார்மல் செறிவுள்ள கரைசலில் 1 மி.லி., 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். ஒரு லிட்டர் கரைசலுக்கு 2.395 கிராம் சில்வர் நைட்ரேட் வேண்டும். ஒரு பருவத்துக்கு 20 கிணற்று மாதிரி, 2 இரட்டை மாதிரி (அதே கிணற்றில் இன்னொரு முறை பிடித்தது), 1 வெற்று மாதிரி (காய்ச்சி வடித்த நீர் மட்டும்), ஆக 23. இரண்டு பருவத்துக்கு 46. ஒவ்வொன்றையும் மூன்று முறை, முறைக்குச் சுமார் 10 மி.லி. என்றால் 1,380 மி.லி. கரைசல். தேவைப்படும் சில்வர் நைட்ரேட் 3.3 கிராம்தான். வெள்ளி விலை ஏறிக் கிடக்கும் காலத்திலும் இது தாங்கக்கூடிய செலவு.

ஆனால் அந்த 10 மி.லி. கணக்கு நிற்க வேண்டுமானால் நீர்த்தல் சரியாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரில் 10 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 100 மி.லி. ஆக்கினால் சரியாக வரும். கடற்கரைக் கிணற்றில் 5,000 இருந்தால் 1 மி.லி. மட்டுமே எடுக்க வேண்டும். நீர்த்தாமல் 100 மி.லி. அப்படியே குடுவையில் ஊற்றினால் ஒரே மாதிரி ஒரு லிட்டர் கரைசலைக் குடித்துவிடும். உப்பு கூடினால் நீரின் மின்கடத்துத் திறனும் கூடும் என்பதால், முதலில் அதை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தால் எவ்வளவு நீர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கடல்நீருக்கு அந்த அளவு சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமன்ஸ், குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராமுக்குச் சற்று மேல். குடிநீரில் குளோரைடுக்கான இந்தியத் தர நிர்ணயம் 250. வேறு நீரே இல்லாவிட்டால் 1,000 வரை.

குளோரைடு கூடினாலே கடல்நீர் என்று எழுதிவிடக் கூடாது. கழிவுநீரும் குளோரைடை ஏற்றும், செப்டிக் டேங்க்கும் ஏற்றும், உப்பளமும் ஏற்றும். பிரித்தறிய ஒரு மலிவான வழி சோடியம்-குளோரைடு விகிதம். கடல்நீரில் அது மோல் கணக்கில் (எடையில் அல்ல, அயனிகளின் எண்ணிக்கையில்) சுமார் 0.86. கிணற்று நீர் அந்த எண்ணை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் கடல் பக்கம் சாய்கிறது. 1-க்கு மேல் போய், கூடவே நைட்ரேட்டும் உயர்ந்திருந்தால் கழிவுநீரைச் சந்தேகிக்கலாம். சோடியத்துக்கு, சுடரின் ஒளியை வைத்து அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டர் போதும். உலோகத்துக்கென்று வைத்த பணத்தில் ஒரு பங்கை இந்த நைட்ரேட், சோடியத்துக்குத் திருப்பினால் ஆய்வறிக்கைக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும். நான்கு கிணற்றின் ஈய அளவைக் கொண்டு ஒரு வாதமும் நிற்காது.

பணமே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு: ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை நகர்ந்த அளவு. லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். ஒரு எச்சரிக்கை. சென்டினல் படத்தில் ஒரு புள்ளியே 10 மீட்டர், லேண்ட்சாட்டில் 30 மீட்டர். ஆண்டுக்கு 2 மீட்டர் அரிப்பை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுப் படங்களை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளி வேண்டும். படம் எடுத்த நேரத்துக் கடல் ஏற்ற இறக்கமும் ஒத்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் கெடுபவை

பணம் வந்தபின் ஆய்வு பாழாவது பெரும்பாலும் பாட்டிலில்தான்.

1. உலோகத்துக்கான நீரை 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டிய பிறகே நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். வரிசை மாறினால் மிதக்கும் களிமண்ணில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, கரைந்த உலோகத்தின் அளவு பொய்யாக ஏறும்.

2. அமிலம் விட்ட பாட்டிலில் குளோரைடு டைட்ரேஷன் செய்ய முடியாது. குரோமேட் நிறங்காட்டிக்கு பிஎச் 7-லிருந்து 10-க்குள் வேண்டும். ஆகவே கிணற்றுக்கு இரண்டு பாட்டில், அமிலம் விட்டது ஒன்று, விடாதது ஒன்று.

3. அடிபம்பிலும் போர்வெல்லிலும் முதலில் வரும் நீர் குழாய்க்குள் தேங்கிக் கிடந்தது. மின்கடத்துத் திறன் ஒரே எண்ணில் நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். கிணற்றின் ஆழத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதாமல் வந்தால், 20 அடிக் கிணற்றையும் 150 அடி போர்வெல்லையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் குழம்ப வேண்டியதுதான்.

4. உப்பங்கழிச் சேற்றில் உலோகம் பார்ப்பதென்றால் பிளாஸ்டிக் கரண்டி. எண்ணெய் பார்ப்பதென்றால் எவர்சில்வர் கரண்டி, பழுப்புக் கண்ணாடி ஜாடி, டெஃப்லான் உறை போட்ட மூடி. எண்ணெய்ச் சேற்றை பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனால் டப்பாவின் வேதிப்பொருளும் சேர்ந்து பதிவாகும்.

5. சேற்றில் 63 மைக்ரானுக்குக் கீழான நுண்துகளைப் பிரித்தெடுத்துத்தான் இடத்துக்கு இடம் ஒப்பிட வேண்டும். உலோகம் ஒட்டுவது நுண்துகளில். முகத்துவாரத்து மணலையும் உள்கழிச் சேற்றையும் அப்படியே ஒப்பிட்டால் தெரிவது துகளின் அளவு வித்தியாசம்தான்.

முன்பு சொன்ன தூரம் இங்கேதான் கணக்கில் வருகிறது. நைட்ரேட்டை 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும், அதுவரை 4 டிகிரியில் வைக்க வேண்டும். கல்லூரியில் அதற்கு வசதி இல்லாவிட்டால், அத்திப்பட்டு புதுநகரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கிண்டிக்கோ பள்ளிக்கரணைக்கோ போய்ச் சேர அரைநாள். வெள்ளிக்கிழமை மாலை மாதிரி எடுத்தால் திங்கட்கிழமை காலையில் அது பழையது. ஆகவே ஐஸ் பெட்டி, திங்கள் அல்லது செவ்வாயில் களப்பணி, ஆய்வகத்தில் முன்கூட்டியே தேதி. பட்ஜெட்டில் பயணம் என்று ஒரு வரி தனியாக இருக்க வேண்டியதும் இதனால்தான்.

விண்ணப்பம் ஏன் திரும்புகிறது?

மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது தலைப்பை அல்ல, செலவுப் பட்டியலை. மீட்டர், லேப்டாப், கேமரா என்று கருவி வாங்கும் பட்டியல் சிறு திட்டத்தில் எடுபடாது. "இதர செலவு" என்று பாதித் தொகையை எழுதுவதும் அப்படியே. அடுத்தது, மாதிரி எண்ணிக்கைக்கும் பணத்துக்கும் பொருந்தாத கணக்கு. மேலே பார்த்த 40 மாதிரி உலோகப் பட்டியல் அந்த ரகம்.

அனுமதியும் ஒரு தடை. துறைமுக வளாகத்துக்குள்ளும் ஆலைச் சுவருக்குள்ளும் மாதிரி எடுப்பதாக எழுதினால், அனுமதிக் கடிதம் எங்கே என்பார்கள். பழவேற்காடு பறவைகள் சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி வேண்டும். வீட்டுக் கிணற்றுக்கு உரிமையாளரின் ஒப்புதல் போதும், அதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. "இன்ன ஆலைதான் காரணம் என நிரூபிப்பது" என்று நோக்கத்தில் எழுதுவது கோபத்தில் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அளக்கும் முன்பே முடிவைச் சொல்லும் விண்ணப்பத்தை ஆய்வு என்று யாரும் ஏற்கமாட்டார்கள். "கழியின் எந்தப் பகுதியில் எது எவ்வளவு கூடுதல்" என்று எழுதுங்கள். எண்கள் வந்தபின் அவை காட்டும் திசையை மறைக்க முடியாது.

கடைசியாகக் கையெழுத்து. வழிகாட்டி, துறைத் தலைவர், முதல்வர் மூவரும் போட வேண்டும். கடைசி நாளில் மூவரில் ஒருவர் விடுப்பில் இருப்பார்.

காலக்கணக்கு

இறுதி செமஸ்டர் டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு முறை நீர் எடுக்க வேண்டிய ஆய்வை இறுதி செமஸ்டருக்குள் அடைக்கவே முடியாது. முதல் சுற்று செப்டம்பரிலேயே நடந்திருக்க வேண்டும். அறிவியல் கழகங்களின் கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் காலமும் முந்தைய ஆண்டின் பிற்பகுதிதான். ஏப்ரலில் தேர்வு முடிந்தபின் தேடுபவர்களுக்கு அந்த ஆண்டு போய்விட்டது.

சிறு திட்டப் பணமோ பல நேரம் செமஸ்டரின் நடுவில்தான் வந்து சேரும், சில நேரம் முடிவில். அதற்காகக் காத்திருந்து செப்டம்பரைக் கோட்டைவிட வேண்டாம். வசதி இருந்தால் குளோரைடையும் நைட்ரேட்டையும் சோடியத்தையும் கல்லூரி ஆய்வகத்திலேயே உடனுக்குடன் முடித்துவிடலாம். வடிகட்டி, அமிலம் விட்டு, கிணற்று எண்ணும் தேதியும் அழியாத மையில் எழுதி மூடி வைத்த உலோக பாட்டில் ஆறு மாதம் வரை கெடாது. செப்டம்பரில் பிடித்த நீரைப் பணம் வந்தபின் பிப்ரவரியில் கருவிக்கு அனுப்பலாம்; 20 பாட்டிலில் எந்த நான்கை அனுப்புவது என்பதையும் அதற்குள் குளோரைடு எண்களே சொல்லியிருக்கும்.